மலை இறங்கும் அம்பாசடர்

பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் உற்பத்தி அச்சுகளை வாங்கிவந்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் இந்த வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம்தான் ஆலை நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலான அந்தக் காலத்தில் முகப்பு கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது, டீசல் இஞ்சின் வந்தது. பிரேக் மட்டும் பெரும்பாலான வண்டிகளில் பிறந்தபடியே இருந்தது. இசுசு 1800 சிசி இஞ்சின் பூட்டிய பிந்தைய வண்டிகளில்தான் முன்சக்கர டிஸ்க்கும் பூஸ்டரும் கிடைத்தன.

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியில் அப்படியொரு பழைய வண்டியை வைத்திருப்பவருக்கு இது சாதாரண விஷயமல்ல. கிழக்கே உசிலம்பட்டிச் சாலையில் ஆண்டிபட்டிக் கணவாய். மேற்கே தேனியைத் தாண்டிப் போடிக்குப் போனால், முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பதினெட்டு. கம்பம், கூடலூர் கடந்தால் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏற்றம். எந்தத் திசையில் வண்டியை எடுத்தாலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. சமவெளிக்காரருக்குப் பிரேக் என்பது வண்டியை நிறுத்துவதற்கு. கம்பம் பள்ளத்தாக்கில் அது வண்டியை இறக்குவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை. பிரேக்கை மேம்படுத்துவதில் எது நல்லது, எது வெறும் ஆடம்பரம் என்பதைப் பிரித்துக்காட்டும் உரைகல் இந்த இறக்கங்களே.

போடிமெட்டு உச்சி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர். அடிவாரத்துக்கும் அதற்கும் உள்ள இறக்கம் கிட்டத்தட்ட 1,000 மீட்டர். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது விட்டுக்கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.47 கோடி ஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் குழாயில் வந்த சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அதே வண்டியை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 2 லட்சம் ஜூல் மட்டுமே. ஆக, ஒரு மலை இறக்கம் எழுபது அவசர நிறுத்தங்களுக்குச் சமம். இந்த வெப்பத்தில் ஒரு பங்கை இஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு வார்ப்பிரும்பு டிரம்களின் தலையில் விழுகிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லிவரும் விதியின் கணக்கு இதுதான். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குபவர் இஞ்சினின் பங்கையும் சேர்த்து டிரம்முக்கே தள்ளிவிடுகிறார்.

டிரம் பிரேக்கை ஏளனமாகப் பேசுவது இன்றைய வழக்கம். அதன் வடிவமைப்பை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சக்கரத்தோடு சுழலும் ஒரு வார்ப்பிரும்புக் கிண்ணம். அதற்குள் சுழலாமல் நிற்கும் இரண்டு பிறைவடிவ ஷூக்கள். ஷூவின் முதுகில் லைனிங். பெடலை மிதித்தால் வீல் சிலிண்டருக்குள் எண்ணெய் புகுந்து ஷூவை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை டிரம்மின் சுழற்சி தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிவிடுகிறது. கால் கொடுத்த அழுத்தத்துக்குச் சுழலும் சக்கரமே வட்டி சேர்க்கிறது. இதை லீடிங் ஷூ என்பார்கள். எதிர்த்திசையில் விரியும் டிரெய்லிங் ஷூவுக்கு இந்த உதவி இல்லை. சுழற்சி அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கும்.

அம்பாசடரின் முன்சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர். ஆகவே முன்னால் இரண்டு ஷூக்களும் லீடிங். பூஸ்டர் இல்லாத காலத்தில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட காரை வெறும் கால் பலத்தில் நிறுத்த முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. வண்டி பின்னோக்கி உருளும்போது முன்னாலுள்ள இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் டிரெய்லிங் ஆகிவிடும். கொண்டை ஊசி ஏற்றத்தில் மேலே பேருந்து சிக்கி வரிசை நிற்கும்போது, முன்னோக்கிப் போகையில் நன்றாகப் பிடித்த வண்டி பின்னோக்கி நழுவப் பார்ப்பது இதனால்தான். பின்சக்கரத்துக்குக் கல்லை அணை வைக்கும் பழைய கிளீனர் வித்தைக்கு இயற்பியலின் ஆதரவு இருக்கிறது.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பிரான்சில் லூயி ரெனோ இன்றைய டிரம் பிரேக்கின் முன்வடிவத்தை 1902இல் கொண்டுவந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க்குக்குக் காப்புரிமை பெற்றார். டிரம் முந்திக்கொண்டதற்குக் காரணம் அந்தத் தானே இறுகும் குணம். டிஸ்க் தலைநிமிர்ந்தது 1953இல், லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில். டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் அங்கே வென்றது. வேகத்தைவிட, மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிடித்தும் பிரேக் சோர்ந்துபோகாததுதான் அந்த வெற்றியில் பேசப்பட்டது.

சோர்வு என்பது டிரம்மின் உண்மையான நோய். அது மூன்று வழியில் வரும். முதலாவது, லைனிங் ஓர் அளவுக்கு மேல் சூடானால் உராய்வுத் திறன் குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இரண்டாவது, டிரம் விரிவடையும். 230 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 250 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டத்தில் 0.6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிடும். ஷூ துரத்திப்போக வேண்டிய தூரம் அதிகமாகி, பெடல் பாதிக்கும் கீழே போகும். ஓட்டுநர் பம்ப் பண்ணி மிதிக்கத் தொடங்குவது இந்த நிலையில். மூன்றாவது, வீல் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுந்தும், ஆயில் அழுந்தாது, பெடல் தரைதட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் பாகம் மாற்றுவது வீண்செலவு.

மேம்படுத்துவது என்றதும் டிஸ்க்குக்குப் பாய்வது வழக்கம். நல்ல பட்டறைக்காரர் முதலில் டிரம்மைக் கழற்றுவார். பல பழைய வண்டிகளில் இருப்பது அசல் டிரம் பிரேக் அல்ல. முப்பது நாற்பது ஆண்டு ஒட்டுவேலைகளின் கூட்டுத்தொகை. ஒரு பக்கம் ஒரு கம்பெனி லைனிங், மறுபக்கம் இன்னொன்று. வலது டிரம் இருமுறை கடைந்தது, இடது டிரம் கடையாதது. கசியும் வீல் சிலிண்டர். அத்தகைய வண்டியில் கிடைக்கும் பிரேக்கை வைத்து டிரம் முறையையே குறைசொல்வது நியாயமில்லை.

டிரம் கடைவது லேத் வேலையிலேயே தனி ரகம். டிரம்மின் உட்சுவர் நீள்வட்டமாகியிருந்தால் மிதிக்கும்போது பெடல் காலடியில் துடிக்கும். உட்சுவரில் பள்ளம் விழுந்திருந்தால் லைனிங் மேடுகளில் மட்டும் தொடும். லேத்தில் டிரம்மை மையம் பார்த்துப் பிடிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். கடைசல் அதன் பிறகு சில நிமிடம். டிரம்மின் பழைய உட்பரப்பையே நம்பிப் பிடித்தால், கோணலைக் கோணலாகவே கடைந்து முடிப்போம். ஹப்பில் உட்காரும் முகத்தை ஆதாரமாக வைத்துப் பிடிக்கத் தெரிந்தவரே கைதேர்ந்தவர். முதல் வெட்டில் உளி ஓரிடத்தில் வெட்டி ஓரிடத்தில் வெட்டாமல் போகும். அந்த விட்டுவிட்டு வரும் ஓசை கோணலின் அளவைச் சொல்லிவிடும். ஓசை ஒரே சீராகும்போது வட்டம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு மென்மையான கடைசி வெட்டு; அவ்வளவோடு நிறுத்திவிட வேண்டும். பொதுவாகக் கார் டிரம்மின் விட்டத்தில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார்கள்; சரியான எல்லையை அந்தந்த டிரம்முக்குரிய அளவிலிருந்தே எடுக்க வேண்டும். மெலிந்த டிரம் வெப்பத்தைத் தேக்க இடமில்லாமல் சீக்கிரம் சூடாகும், மலை இறக்கத்தில் வெடிப்பும் விடலாம். ஒரு அச்சில் உள்ள இரண்டு டிரம்களையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

கடைந்த டிரம்மின் வளைவு சற்றுப் பெரிதாகிவிடுகிறது. பழைய அளவில் வந்த ஷூ அதில் நடுவயிற்றில் மட்டும் தொடும்; இரு முனைகளும் அந்தரத்தில் நிற்கும். சீக்கிரமாக வேலையை முடிப்பவர்கள் ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஓட ஓடச் சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அந்த நடுப்பகுதி எரிந்து கண்ணாடிபோல் பளபளப்பாகிவிட்டால் பிடிமானம் போய்விடும். இதற்கு உள்ள கைவேலை அழகானது. டிரம்மின் உட்சுவரில் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை அதில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே மேடு. அதை அரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். லைனிங் முழுவதும் மெல்லிய வெள்ளை படியும்வரை இது நடக்கும். இரு முனைகளையும் லேசாகச் சரித்துவிட்டால் கிறீச்சொலி குறையும். எட்டு ஷூவுக்கும் இப்படிச் செய்ய ஒருநாள் போய்விடும். அந்த ஒருநாள் வேலை தரும் பலனைப் பல விலையுயர்ந்த பாகங்கள் தருவதில்லை.

லைனிங் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பஞ்சமில்லை. மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழியில், 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 1964இல் ரானே பிரேக் லைனிங் தொடங்கப்பட்டது. லைனிங்கை ஷூவில் ரிவெட் அடிப்பதும் உண்டு, பசைபோட்டுச் சூட்டில் ஒட்டுவதும் உண்டு. ரிவெட் அடித்தது தேய்ந்துவிட்டால் ரிவெட்டின் தலை டிரம்மைக் கீறும். ஒட்டியது அந்தத் தொல்லை தராது, தடிமன் முழுவதும் பயன்படும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் இன்றும் விடாத கெட்ட பழக்கம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மெக்கானிக்கின் ரசனை வெளிப்படும் இன்னோர் இடம் செட்டிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஷூ டிரம்மில் நன்றாகப் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துவார்கள். நான்கு சக்கரத்திலும் இந்த இடைவெளி ஒன்றாக வந்துவிட்டால், மிதித்த கணத்தில் வண்டி ஸ்டீயரிங்கை எந்தப் பக்கமும் கேட்காமல் நேராக அமிழும். பிரேக் எவ்வளவு பலமானது என்பதைவிட, நான்கு சக்கரமும் ஒரே பேச்சுக்குக் கட்டுப்படுகிறதா என்பதே அதன் தரம். வளைவின் விளிம்பில் ஒரு பக்கம் இழுக்கும் பலமான பிரேக்கைவிட நேராகப் பிடிக்கும் மிதமான பிரேக் மேல்.

டிரம்மைத் தொடாமலே செய்யக்கூடிய பெரிய மேம்பாடு, பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு குழாய் வெடித்தால், ஒரு ஹோஸ் கிழிந்தால், நான்கும் போயிற்று. டேண்டம் மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி; ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். அமெரிக்காவில் கார்களுக்கு 1968 முதலே இது கட்டாயம். மலை இறங்கும் வண்டியில் டிஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இடப்பிரச்சினை மட்டும் உண்டு. தரையிலிருந்து முளைக்கும் பெடல் உள்ள பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும். டேண்டம் அதைவிட நீளம். பிராக்கெட் செய்து அதே இடத்தில் உட்காரவைக்கலாம். அல்லது மேலிருந்து தொங்கும் பெடலுக்கு மாறி, சிலிண்டரை இஞ்சின் அறைச் சுவரில் ஏற்றலாம். இரண்டாவது வழியில் ஆயில் மட்டத்தை பானட்டைத் திறந்தே பார்த்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

பிரேக் ஆயில் விலை குறைந்த பொருள்; அதனாலேயே அலட்சியப்படுத்தப்படும் பொருள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியிலும், ஈரம் உறிஞ்சிய பின் 140 டிகிரியிலும் கொதிக்கும். டாட் 4க்கு இந்த எல்லைகள் 230, 155. தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் சாரல் அடிக்கும் கம்பம், கூடலூர்ப் பக்கத்து வண்டிகளுக்கு ஈரம் கணிசமாக ஏறும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வெளியேற்றி, ஏர் எடுத்து, புதிதை நிரப்பினாலே மூன்றாம் வகைச் சோர்வு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பூஸ்டர் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பூஸ்டர் பிரேக்கின் திறனைக் கூட்டுவதில்லை. காலின் உழைப்பைக் குறைக்கிறது. சோர்ந்த டிரம்முக்குப் பூஸ்டர் வைத்தால் சோர்வு இன்னும் சுலபமாக வரும். அது இஞ்சினின் வெற்றிடத்தில் வேலை செய்வதால், போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும்போது உதவியும் சற்றுக் குறையும். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு உதவியே இராது. டீசல் அம்பாசடரில் இன்னொரு சிக்கல்: டீசல் இஞ்சினின் காற்றுவழியில் அடைப்பான் இல்லாததால் வெற்றிடம் பிறக்காது, ஆல்டர்னேட்டரின் பின்னால் அமரும் வாக்கம் பம்ப் போன்ற ஒன்று தனியாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முழுச் சுமையோடு அடிக்கடி மலை இறங்கும் வண்டிக்கு முன்சக்கர டிஸ்க் பொருத்தமானதே. டிஸ்க் திறந்தவெளியில் காற்றில் சுழல்கிறது. சூடானால், இருபுறமும் அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகிப்போகாது, பெடல் இறங்காது. மழைத்தண்ணீரைச் சுழற்சியிலேயே உதறிவிடும். அம்பாசடருக்கு நெருங்கிய சொந்தம் அந்த இசுசு மாடலின் முன் அச்சு; அதே குடும்பத்துப் பாகங்கள் என்பதால் மாற்றுவோர் முதலில் தேடுவது அதைத்தான். பேடைத் தாங்கி அழுத்தும் கலிப்பரை வேறு காரிலிருந்து எடுத்துப் பிராக்கெட் வெட்டிப் பொருத்துவதும் நடக்கிறது. அந்தப் பிராக்கெட் பிரேக்கின் முழு முறுக்கையும் தாங்க வேண்டியது என்பதைச் சில வெல்டிங் பட்டறைகள் யோசிப்பதில்லை; அங்கே பாராட்ட எதுவுமில்லை.

டிஸ்க் போட்டதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. டிஸ்க்குக்குத் தானே இறுகும் குணம் கிடையாது, ஆகவே பூஸ்டர் ஏறத்தாழக் கட்டாயம். கலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் பெரிதாக வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரின் வாயில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க் வழியில் அதே வால்வு தொடர்ந்தால் பேட்கள் விடாமல் உரசிச் சூடேறும். சிலிண்டர் கலிப்பரைவிடத் தாழ்வாக, தளத்துக்குக் கீழேயே இருந்தால், ஆயில் பின்வாங்காமல் இருக்க 2 பிஎஸ்ஐ அளவுக்கு மென்மையான வால்வு வேண்டும். டிரம் வழிக்கு 10 பிஎஸ்ஐ. பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரம் இலேசாகும். முன்னால் டிஸ்க் வந்து ஓட்டுநர் தைரியமாக மிதிக்கும்போது பின் டிரம் முந்திக்கொண்டு பூட்டிவிட்டால், ஈரமான கொண்டை ஊசியில் வண்டியின் வால் சுழலும். பின்வழியின் அழுத்தத்தை அளவோடு குறைக்கும் வால்வு அதற்குத்தான். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் போடும் ஆசைக்கு மலைப்பாதையில் காரணம் குறைவு. பின்னால் டிரம் இருப்பதே நல்லது. கைப்பிரேக் அதில்தான் எளிமையாகவும் உறுதியாகவும் அமைகிறது, ஏற்றத்தில் நிறுத்திய வண்டிக்கு அதுவே துணை.

போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை விடியற்காலையில் இடுக்கி மலைக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் இதே கேள்விக்கு வேறொரு விடை வைத்திருக்கின்றன. பழைய வில்லிஸ் ஜீப்பின் டிரம் 9 அங்குலம். அதை 11 அங்குல டிரம்மாக மாற்றுவது ஜீப் பிரியர்கள் உலகெங்கும் செய்யும் மாற்றம். ஆரம் கூடுவதால் அதே அழுத்தத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதல் பிடிமானம்; வெப்பம் தேங்க அதிக இரும்பு. குணம் மாறாமல் பலம் மட்டும் கூடும் இந்த வழி, பழமையைக் கெடுக்க மனமில்லாதவர்களுக்கு உகந்தது.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்த நிலையிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் வந்த விதி, விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சேசிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பிரேக் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹப், ஷூ, டிரம்களை எண்ணெய் தடவிக் கட்டிவைப்பதும், பாடியில் புதுத் துளை போடாமல் வேலையை முடிப்பதும் விவரம் அறிந்தவர்களின் பழக்கம்.

வேலை முடிந்த வண்டியை நேராக மலைக்குக் கொண்டுபோவதில்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், மிதமான வேகத்திலிருந்து சக்கரம் பூட்டாமல் பலமுறை வேகம் குறைத்து, நடுவில் ஆறவிட்டு, லைனிங்கையும் பேடையும் பழக்குவார்கள். பிறகு நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுவது பழைய பரிசோதனை. ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது. ஒரு பக்கம் சூடே இல்லாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அடுத்த கட்டம் ஆண்டிபட்டிக் கணவாயின் மிதமான இறக்கம். அங்கே நேராகப் பிடித்து, கீழே வந்தபின் பெடல் புறப்பட்டபோது இருந்த உயரத்திலேயே நின்றால் போடிமெட்டுக்குப் போகலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். மறுபடி ஒரு செட்டிங், குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று ஒரு பார்வை, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் மட்டம்.